பட்டியலில் இல்லாத சொல்

"சமத்துவம் கேக்குறீங்கல்ல மேடம், நாளைக்கே கட்டாய ராணுவச் சேவைன்னு சட்டம் வந்தா பொண்ணுங்களும் வருவாங்களா?"

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பெண்களுக்குச் சொத்துரிமை, உள்ளாட்சியில் ஐம்பது விழுக்காடு என்று எந்தப் பாடத்தை எடுத்தாலும் கடைசி பெஞ்சிலிருந்து இந்தக் கேள்வி ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடும். கேட்பவன் பெரும்பாலும் பையன். சில நேரம் பெண்பிள்ளையும் கேட்பாள். பதில் வேண்டும் என்று கேட்கப்படுவதைவிட வாயை அடைக்கக் கேட்கப்படுவதே அதிகம். பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வேண்டும், இடஒதுக்கீடு வேண்டும், சாகிற வேலைக்கு மட்டும் நாங்களா என்பது அதன் உள்பொருள்.

ஆனாலும் இதைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. கேட்கிற பையன்களில் பலருக்கு ராணுவம் வெறும் பேச்சில்லை, சம்பளம். குத்தகை நிலத்தில் அப்பா கடன்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நான்கு ஆண்டுக்குப் பிறகு நால்வரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு வாடிப்போன முகங்கள் என் வகுப்பிலேயே இருந்தன. நாட்டுக்காக உயிர் கொடுப்பது குடிமக்கள் எல்லாருக்கும் பொதுவான கடமை என்றால், அது ஏன் வீட்டின் மகன்களுக்கு மட்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

பெண்கள் பக்கத்திலிருந்து வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, போர் ஆண்கள் மூட்டிய தீ, அதை அவர்களே அணைக்கட்டும் என்பது. இன்னொன்று, வருகிறோம், துப்பாக்கியைக் கொடுங்கள் என்பது. முதல் பதில் மகன்களை எடுத்துக்கொள்ள அரசுக்கு அனுமதி கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவது பதிலில் வீரம் இருக்கிறது. ஆனால் 'கட்டாயம்' என்ற சொல்லை அது காதில் வாங்கவே இல்லை. என் யோசனை முழுக்க அந்தச் சொல்லைப் பற்றித்தான்.

*

இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை இல்லை. விரும்பிச் சேருகிறவர்களைக் கொண்டுதான் முப்படைகளும் இயங்குகின்றன. ஆனால் அப்படி ஒரு சட்டம் வருவதற்கான வழி நம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 23ஆவது பிரிவு. அதன் முதல் பகுதி மனிதர்களை விற்பதையும், 'பேகார்' எனப்படும் கூலியில்லா வேலையையும், எல்லா வகைக் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. இரண்டாம் பகுதி ஒரு விலக்கு தருகிறது: பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயப் பணியை விதிக்கலாம். அப்படி விதிக்கும்போது சமயம், இனம், சாதி, வகுப்பு என்ற காரணங்களால் மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது.

மாணவிகளிடம் 15, 16, 23 ஆகிய மூன்று பிரிவுகளையும் வரிசையாக உரக்கப் படிக்கச் சொல்வேன். 15இல் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்று இருக்கிறது. அரசு வேலை பற்றிய 16இலும் 'பால்' இருக்கிறது. 23க்கு வந்ததும் ஒருத்தி நிறுத்துவாள். "இதுல நம்ம இல்லையே மேடம்."

இல்லைதான். கட்டாயப் பணியில் காட்டக் கூடாத பாகுபாடுகளின் பட்டியலில் 'பால்' என்ற சொல்லைக் காணோம். நாளை ஒரு சட்டம் ஆண்களை மட்டும் அழைத்தால் இந்தப் பிரிவு அதைத் தடுக்காது. பெண்களை மட்டும் ஏதோ ஒரு வேலைக்கு அழைத்தாலும் தடுக்காது. முதலில் படித்தபோது, ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் வகுப்பே சொல்லும். சேர்த்தால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பேன். அரசு ஆண், பெண் இருபாலரையும் பிடித்துப் போகலாம். அதுவா நமக்கு வேண்டிய சமத்துவம்? வகுப்பு அமைதியாகிவிடும்.

பேகார் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊருக்கும் அரசனுக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய வேலைக்கு வெட்டி என்று பெயர். பயனில்லாமல் சுற்றுகிறவனை இன்று 'வெட்டியா திரியுறான்' என்கிறோமே, அந்தச் சொல்தான். ஆற்றுக் கரையும் வாய்க்காலும் இருக்கிற நாட்டில் கட்டாய உழைப்பு புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்த் தலைவர்கள் மூலம் ஆட்களைக் கூப்பிடலாம், குடிமராமத்து என்ற வழக்கமான பாசன வேலையையும் கட்டாயமாக வாங்கலாம் என்றது அது. கூப்பிடப்பட வேண்டியவர்கள் உழைக்கும் வகுப்பார். ஆறு உடைந்தால் மிராசுதாரின் நிலமும் சேர்ந்துதான் முழுகும். ஆனால் மண் சுமக்க யார் வர வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

என் அம்மாச்சி ஒரு பண்ணையாளின் மனைவி. பேச்சு தாத்தாவோடு மட்டும்தான். வருசத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு வேட்டி என்று பேசி அவரைப் பண்ணையில் அமர்த்திக்கொண்டார்கள். ஆனால் கருக்கலில் மாட்டுக் கொட்டகையைக் கூட்டிச் சாணி அள்ளப் போனது அம்மாச்சி. நட்டது, களை பறித்தது, அறுத்தது, நெல்லு குத்தியது எல்லாம் அவர். "எனக்கு ஏதுடி பேச்சு? உங்க தாத்தாவுக்குக் கட்டிக்கிட்டாங்க, அப்பறம் பண்ணைக்கு நானும் சேத்திதானே" என்பார். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் பெரிய உழவர் போராட்டம் இருந்தது. அதற்கு முன்பும் சரி, பிறகும் வெகுகாலத்துக்கும் சரி, பெண்ணையும் சேர்க்கலாமா என்று எந்தப் பண்ணையிலும் யாரும் விவாதம் நடத்தவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். கணக்கில் பெயர் மட்டும் இல்லை.

அதனால் 'பெண்களையும் சேர்க்க வேண்டுமா' என்ற கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாச்சிதான் நினைவுக்கு வருவார். அரசியல் நிர்ணய சபையில் கட்டாய உழைப்பைத் தடுக்கும் இந்தப் பிரிவை வரவேற்றுப் பேசியவர்களில் ஒருவர் தாட்சாயணி வேலாயுதன், அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண். வெட்டி என்றால் என்ன என்று பரம்பரையாகத் தெரிந்த ஒருவர் அந்த முதல் பகுதியை எப்படிப் படித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம்.

*

இவ்வளவும் சொல்வதால் பெண்ணுக்கும் ஆயுதத்துக்கும் பொருந்தாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்சியில் நான் இல்லை.

2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் பபிதா பூனியா வழக்கில் தீர்ப்பளித்தது. தரைப்படையில் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும், தலைமைப் பொறுப்பையும் மறுக்கக் கூடாது என்றது. அந்த வழக்கில் ஒன்றிய அரசு முன்வைத்த வாதங்களில் ஒன்று, படைவீரர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனநிலை அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது. செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவுக்குப் போகிறவர். எந்த வயலில் எப்போது இறங்குவது, எவ்வளவு கூலி என்று பேசுவது அவர்தான். நாற்று பறிக்கும் ஆண்கள் முடியை எங்கே போட வேண்டும் என்று வரப்பில் நின்று அவர் சொல்ல, அவர்கள் போடுவார்கள். "கிராமத்து ஆம்பள பொம்பள சொன்னா கேக்க மாட்டானாமா? கூலி குடுக்குற எடத்துல யாரு நின்னாலும் கேப்பான்" என்றார்.

கதவுகள் மெல்லத் திறந்திருக்கின்றன. 2016 முதல் விமானப்படையில் பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு தேசியப் பாதுகாப்பு அகாடமி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. அந்த முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். எங்கள் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானங்களின் படைப்பிரிவு வந்தது. அது வானத்தில் போகும்போது வகுப்பில் பேச்சு நின்றுவிடும். பெண்பிள்ளைகள் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைக் கேலி செய்ய நான் யார்?

என் அக்காள் மகள் அதிகாலையில் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் ஓடுகிறாள். காவலர் தேர்வு, இல்லையென்றால் ராணுவக் காவல் பிரிவு என்று கணக்கு வைத்திருக்கிறாள். பனியனும் காலணியும் போட்டுக்கொண்டு தனியாக ஸ்கூட்டியில் போய் வர அந்த ஓட்டம் அவளுக்கு ஒரு காரணம் தந்திருக்கிறது. சீருடை ஒரு பெண்ணுக்கு என்ன தரும் என்பதை இந்த ஊரில் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணி படையைத் தொடங்கினார். கேப்டன் லட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயாவிலிருந்த தமிழ்ப் பெண்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர். இவர்களைப் போன்றோரின் பெற்றோரும் தாத்தா பாட்டியும்தான் தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். அந்தப் பெண்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. தோட்டத்தில் கங்காணியின் சத்தத்துக்கு எழுந்தவர்கள், முகாமில் தாங்களே கையெழுத்திட்டுச் சேர்ந்து எழுந்தார்கள். இரண்டு இடத்திலும் எழுந்தது விடியற்காலையில்தான். ஆனால் அவர்களுக்கு அது ஒரே விடியல் இல்லை.

மணலூர் மணியம்மையையும் இங்கே சொல்ல வேண்டும். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய பொதுவுடைமைக்காரர். கூந்தலைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார், வேட்டி சட்டை அணிந்தார், சிலம்பம் பழகினார். விதவையான பார்ப்பனப் பெண்ணின் தலைமயிரை ஊர் மழித்த காலத்தில், தன் தலையை என்ன செய்வது என்று தானே முடிவு செய்தவர். அவருடைய கதையை ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக எழுதியிருக்கிறார். யாரும் அவரை ஆணையிட்டு வயல்வெளிக்கு அனுப்பவில்லை.

*

இனி, கடினமான பகுதி. தமிழ்ப் பெண்கள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. எங்கள் கோடியக்கரையிலிருந்து கடலைத் தாண்டினால் போதும், அந்த மண். அதைப் பேசாமல் இந்தக் கேள்வியைத் தமிழில் பேசுவது நேர்மையாகாது.

விடுதலைப் புலிகள் இயக்கத்தில் பெண்கள் சேரத் தொடங்கியபோது அது கட்டாயமாக இல்லை. 1980களின் நடுவில் பெண்களுக்கு முதல் ஆயுதப் பயிற்சி தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1987 அக்டோபர் 10 அன்று கோப்பாயில் இந்திய ராணுவத்தோடு நடந்த சண்டையில் மாலதி இறந்தார். பெண் போராளிகளில் அவரே முதல் சாவு என்று இயக்கம் அந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தது. பின்னாளில் அவர் பெயரில் பெண்களின் படையணியே இருந்தது. ராணுவம் செய்த கொலைகளையும் வன்புணர்வுகளையும் பார்த்துவிட்டு, வீட்டில் இருந்து சாவதைவிடக் களத்தில் சாகலாம் என்று போனவர்கள் ஏராளம். சீதனம், சாதி, அடுப்படி ஆகியவற்றிலிருந்து விலகி நடக்க ஒரு பாதை கிடைத்தது என்று போனவர்களும் உண்டு. அவர்கள் மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் போனது, கட்டளையிட்டது எல்லாம் உண்மை. அந்த உண்மையை மறுப்பது அவர்களை இரண்டாம் முறை கொல்வது.

அதே நேரம், அந்தச் சமூகத்தின் பெண்களே கேள்வியும் கேட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜனி திராணகம, 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவர். எல்லாத் துப்பாக்கிகளையும் பற்றி எழுதினார். இந்திய ராணுவத்தால் சிதைக்கப்பட்ட பெண்களின் கதைகளைத் திரட்டினார். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1990களில் ராதிகா குமாரசுவாமி, ஆயுதம் ஏந்துவதாலேயே பெண் விடுதலை வந்துவிடுமா என்று கேட்டு எழுதினார்.

போர் நீண்டது. ஆள் போதவில்லை. வீட்டுக்கு ஒருவர் தர வேண்டும் என்ற கோரிக்கை கடைசி ஆண்டுகளில், குறிப்பாக 2006க்குப் பிறகு வன்னியில், கட்டாயமாக மாறியது. ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்ற பேதம் பார்க்கப்படவில்லை. பதினெட்டு நிறையாதவர்களும் கொண்டுபோகப்பட்டதை யுனிசெஃப் பதிவு செய்தது. இறுதிக் கட்டத்தில் ஒருவர் என்ற கணக்கும் போய்விட்டது. இயக்கத்தின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி, தான் இறந்த பிறகு 2016இல் வெளியான 'ஒரு கூர்வாளின் நிழலில்' நூலில் இந்தக் கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி உள்ளிருந்தே எழுதியிருக்கிறார்.

எனக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு பெண் 2007இல் மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தவர். முகாம் வாழ்க்கையில் வளர்ந்த அவருடைய மகளுக்கு நான் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததில் பழக்கம். மகளுக்குப் பதினெட்டு வயது. இவருக்கு முப்பத்தாறு. கணக்கு எனக்கு இடித்தது. அதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "எனக்குப் பதினேழு நடக்கேக்கையே கட்டி வைச்சிட்டினம் அக்கா. கலியாணம் கட்டினாக்களைக் கொண்டு போக மாட்டினம் எண்டு அப்ப ஒரு கதை. மாப்பிள்ளை ஆர், என்ன வேலை எண்டு ஒண்டும் பாக்கேல்லை. எங்கட ஒழுங்கையில மட்டும் அந்த மாசம் நாலு கலியாணம்."

அவருடைய பெரியம்மா மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. அவளைக் கொண்டுபோனார்கள். ஓடினால் அடையாளம் தெரிய வேண்டும் என்று கூந்தலை ஒட்ட வெட்டினார்கள். அவள் ஓடி வந்தாள், தலையில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஒளிந்திருந்தாள், மறுபடி கொண்டுபோனார்கள். 2009இல் சண்டை முடிந்து சனத்தோடு சனமாக ராணுவத்தின் பக்கம் போனபோது, அதே கட்டை மயிரைப் பார்த்துத்தான் அவளைத் தனியே நிறுத்தினார்கள். இதைச் சொல்லும்போது அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை.

மணியம்மையின் கிராப்பும் அந்தப் பெண்ணின் கிராப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். ஒன்றைத் தானே வெட்டிக்கொண்டார். இன்னொன்று வெட்டப்பட்டது. கட்டாயப் படையில் பெண்களும் இருந்தால் அது சமத்துவம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

*

அந்தத் தையற்காரப் பெண் சொன்னதில் என்னை அதிகம் உலுக்கியது கலியாணக் கணக்கு. பிறகு தேடிப் படித்தபோது அது வன்னிக்கு மட்டுமானதில்லை என்று தெரிந்தது. இஸ்ரேலில் 1949 முதல் பெண்களுக்கும் கட்டாய ராணுவச் சேவை உண்டு. ஆனால் திருமணமான பெண்ணுக்கும் தாய்க்கும் விலக்கு. எரித்திரியாவில் ஆண், பெண் இருவரும் தேசியச் சேவைக்குப் போக வேண்டும். சட்டத்தில் 18 மாதம், நடைமுறையில் ஆண்டுக்கணக்கில். அங்கும் கல்யாணமும் பிள்ளைப்பேறும்தான் பெண்கள் தப்பும் வழி. அதனால் இளவயதுத் திருமணங்கள் பெருகின.

பெண்ணைக் கட்டாயப் படைக்குச் சேர்க்கிற சட்டம், கல்யாணமானவளுக்கு விலக்கு கொடுத்தால் அது மறைமுகமாக ஒரு திருமணச் சட்டமாகிவிடுகிறது. விலக்கே கொடுக்காவிட்டால் கைக்குழந்தைக்காரியும் போக வேண்டும். எங்கள் ஊரில் பெண்ணின் கல்யாணத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பெண் வயதுக்கு வந்துவிட்டாள், பக்கத்து வீட்டுப் பையனோடு பேசினாள், அப்பாவுக்கு நெஞ்சு வலி, தை மாதம் விட்டால் நாள் இல்லை என்று அவசரத்துக்குக் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அக்காள் மகள் ஓடுவதற்கே என் அக்கா, "ரிசல்ட் வரட்டும், இல்லாட்டி வர்ற ஆவணியில முடிச்சிடுவேன்" என்கிறாள். அவள் விரும்பிப் போகிற வேலைக்கே இந்த நிலை. பதினெட்டு முடிந்ததும் அரசு வந்து அழைக்கும் என்று ஒரு சட்டம் வந்தால், காவிரிப் படுகையின் கல்யாண மண்டபங்களில் எத்தனை பதினெட்டு வயது மணப்பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்? ஓடுகளத்தில் இருக்கிற பிள்ளைகளும் அந்தப் பந்தலுக்குள் இழுக்கப்படுவார்கள். பெண்களைக் குடிமக்களாக ஆக்குகிறோம் என்று கொண்டுவரப்படும் சட்டம், அவர்களை இன்னும் சீக்கிரமாக மனைவியாக்கும்.

நார்வே 2015இல் இருபாலருக்கும் பொதுவாகக் கட்டாயச் சேவையைக் கொண்டுவந்தது. ஸ்வீடன் 2017இல், டென்மார்க் 2025இல் அதே வழிக்கு வந்தன. அதைக் காட்டி, பார் வளர்ந்த நாடுகளில் என்பார்கள். நார்வேயில் அந்த வயதினரில் ஒரு சிறு பகுதியினர்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், அதிலும் விருப்பம் கேட்கப்படுகிறது. பெண் தன் திருமணத்தைத் தானே முடிவு செய்கிற, மகப்பேறு விடுப்பும் குழந்தைக் காப்பகமும் இருக்கிற நாட்டில் அந்தச் சட்டத்தின் எடை வேறு. அதே வாசகத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து திருத்துறைப்பூண்டியில் நட்டால் வேறு பயிர் முளைக்கும்.

தென்கொரியாவில் ஆண்களுக்கு மட்டும் கட்டாயச் சேவை. சேவை முடித்தவர்களுக்கு அரசுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கொடுத்து வந்தார்கள். பெண்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் அது அநீதி என்று 1999இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் நீக்கியது. அன்றிலிருந்து இளைஞர்களின் கோபம் பெண்ணியவாதிகள் மேல் திரும்பியிருக்கிறது. இருபது வயதில் தங்கள் ஆண்டுகளை எடுத்துக்கொண்டது அரசு. அவர்கள் விரல் நீட்டுவது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணை நோக்கி. என் வகுப்பின் கடைசி பெஞ்சுக் கேள்வியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

*

ஆகவே என் பதில் இது. ராணுவத்தின் எந்தக் கதவும் பெண் என்பதற்காக மூடப்படக் கூடாது. ஓட முடிகிறவள் ஓடட்டும், பறக்க முடிகிறவள் பறக்கட்டும், தலைமை தாங்கட்டும். கட்டாயச் சேவை என்று ஒன்று வந்தால் அதில் பெண்களைச் சேர்ப்பதை எதிர்ப்பேன். அதே மூச்சில் ஆண்களைச் சேர்ப்பதையும் எதிர்ப்பேன். பெண்ணுக்கு மட்டும் விலக்கு கேட்பது அவளைக் காப்பாற்றப்பட வேண்டிய பொருளாக மீண்டும் வீட்டுக்குள் வைப்பது. அவளையும் இழுத்துப் போகச் சொல்வது அம்மாச்சியைப் பண்ணைக் கணக்கில் சேர்த்த மாதிரி.

நாட்டுக்கு ஆபத்து வந்தால் யார் காப்பது என்று கேட்பார்கள். ஆபத்து வந்தபோது விரும்பி வந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்துப் பெண்கள் வந்தார்கள். யாரும் விரும்பி வராத போர் என்றால், அந்தப் போரைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். 1858ஆம் ஆண்டுச் சட்டம் யாரைக் கூப்பிட்டதோ, அதே வீடுகளுக்குத்தான் எந்தக் கட்டாய ஆணையும் முதலில் வரும். மருத்துவச் சான்றிதழ் வாங்க, வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்ப வசதியுள்ளவர்களின் மகன்களும் மகள்களும் எந்த நாட்டிலும் கடைசியாகத்தான் போவார்கள். அரசமைப்பு சாதி, வகுப்பு பார்க்கக் கூடாது என்று எழுதி வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் தப்பிக்கும் வழிகளுக்குச் சாதியும் உண்டு, வகுப்பும் உண்டு.

கட்டாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இப்போதே நடக்கிற கட்டாயங்களையும் பேச வேண்டியிருக்கும். ஒரு வீட்டின் நோயாளியைப் பார்க்க, பிள்ளையைத் தூக்க, மாமியாருக்குச் சோறு போட என்று ஒரு பெண் பதினெட்டு வயதிலிருந்து சாகும்வரை செய்கிற சேவைக்கு எந்த ஆணையும் இல்லை, விடுப்பும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. பட்டாளத்துக்குப் போன ஆணின் வீட்டில் வயலைக் கவனித்தவளும் கடனை அடைத்தவளும் இருக்கிறாள். பெண்கள் நாட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்கிறவர்கள் முதலில் அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கட்டும்.

23ஆவது பிரிவில் காணாமல்போன சொல்லைச் சேர்க்கக் கேட்கலாமா என்று மாணவிகள் கேட்கிறார்கள். கேட்கலாம், அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. இருபாலரையும் தொட வேண்டும் என்றால் அரசு இருமுறை யோசிக்கும் என்பார்கள் சிலர். வன்னியைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதிகாரத்துக்கு ஆள் குறையும்போது பட்டியலில் எந்தச் சொல் இருக்கிறது, இல்லை என்று பார்ப்பதில்லை. நாம் இரண்டாம் பகுதியின் விலக்கில் இடம் கேட்டு நிற்பதைவிட, முதல் பகுதியின் தடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த மனிதரின் உழைப்பையும், உடலையும், உயிரையும் அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அது மகனுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. அவனிடம் அதைச் சொல்ல நாம்தான் முன்வர வேண்டும்.